வண்டி இறங்கிய மத்தியானம்

செவ்வாய் கிரகத்தில் ஆராய்ச்சி வண்டி இறங்க இன்னும் அரை மணி நேரம்தான் என்னும்போது தெருக்கோடியில் கரண்ட் போனது.

மாடி வீட்டு ஹாலில் கூடியிருந்தவர்கள் ஒரே குரலில் “ஐயோ” என்றார்கள். பெற்ற பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது போல.

ஆளுக்கொரு செல்போன் கையில் இருந்தது, அதிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் மாடி வீட்டுக்காரர் சுவர் அகலத்துக்குப் புது டிவி வாங்கியிருந்தார். ஊரைக் கூட்டியதே அதைக் காட்டத்தான்.

வாசல் கம்பத்தில் ஒயர் அறுந்து தொங்கியது. கடைசி நாலு வீட்டுக்குத்தான் சப்ளை இல்லை.

அந்தத் தெருவிலேயே குடியிருந்த லைன்மேனுக்கு அன்று லீவு. சாப்பிட உட்கார்ந்தவனை மாடி வீட்டுக்காரரே வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். மற்ற நாளில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர்.

ஆபீஸுக்குச் சொல்லுங்கள், ட்யூட்டி ஆள் வருவான் என்றுதான் அவன் சொன்னான். தட்டை நகர்த்தி வைத்தவள் அவன் மனைவி.

“வீடு தேடி வந்து கூப்பிடறாங்க. போயிட்டு வந்து சாப்பிடுங்களேன்.”

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மர் பெட்டியில் பிடுங்கிய ஃப்யூஸ் கட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வரமாட்டான். ஒருமுறை எவனோ ஓர் அவசரக்குடுக்கை அவற்றைத் திரும்பச் செருகிவிட, மயிரிழையில் தப்பியவன் அவன். அதிலிருந்து, கீழே நிற்கிற ஆள் கையில் கட்டைகளைக் கொடுத்த பிறகுதான் கம்பத்தில் காலை வைப்பான்.

இன்று உதவிக்கு ஆள் இல்லாததால், பிடுங்கிய மூன்று கட்டைகளையும் மனைவி கையில் கொடுத்தான்.

“இது உன்கிட்ட இருக்கற வரைக்கும் எமன்கூட என்னைத் தொட முடியாது,” என்று சிரித்தான். “யாரு கேட்டாலும் குடுத்துடாதே.”

அவள் மூன்றையும் முந்தானையில் முடிந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மாடி வீட்டம்மா ஜன்னல் வழியாக, வெயிலில் ஏன் நிற்கிறாய், மேலே வா என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு மாடிப்படி ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தயங்கி அண்ணாந்து பார்த்தாள். அவன் கம்பத்து மேலிருந்து, போ போ என்று தலையாட்டினான்.

படியில் மாடி வீட்டு மாப்பிள்ளை அவளை இடித்துக்கொண்டு கீழே ஓடினார். கையில் ஒரு ஒயர், இரண்டு முனையிலும் பிளக் பின். எந்நேரமும் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் மனிதர் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹாலில் ஒரே புழுக்கம். “செவ்வாய்க்கு வண்டி விடறாங்க, நம்ம தெருவுக்குக் கரண்ட் விட ஆளில்லை,” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்றவளுக்குச் சுருக்கென்றது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிவிக்கு உயிர் வந்தது.

கூரை பிய்ந்துவிடும்போலக் கத்தினார்கள். லைன்மேனை வாழ்த்தினார்கள். கேலி பேசிய அதே வாய், “கெட்டிக்காரன்யா!” என்றது. மாடி வீட்டம்மா நகர்ந்து சோபாவில் இடம் கொடுத்தாள். அவள் பெருமையோடு நுனியில் உட்கார்ந்தாள்.

திரையில் விஞ்ஞானிகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டுக்காரர் தானே அனுப்பிய வண்டி போல விளக்கம் சொன்னார். “அங்கேருந்து சேதி வந்து சேர நேரமாகும். நடக்க வேண்டியது அங்க ஏற்கெனவே நடந்து முடிஞ்சாச்சு. நமக்குத்தான் இன்னும் தெரியாது.”

வண்டி பத்திரமாக இறங்கியது. முன்பின் பேசாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளையும் யாரோ ஒருத்தி கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு பெண் ஜன்னலைக் காட்டினாள். நேர் எதிரே கம்பம். அவன் இடுப்பு பெல்ட்டில் சாய்ந்தபடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கொட்டாமல்.

“இறங்கக்கூட மனசில்லாமப் பாக்கறார் பாரு!”

ஹாலே சிரித்தது. சிலர் அவனுக்குக் கையசைத்தார்கள். அவளும் கையசைக்க, வெட்கத்தோடு எழுந்தாள்.

எழுந்தபோது முந்தானை கனத்தது.

முடிச்சை அவிழ்த்தாள். மூன்று கட்டைகளும் அப்படியே இருந்தன. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவன் வரவே இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கையைத் துடைத்தபடி மாப்பிள்ளை உள்ளே வந்தார். “எப்படி, நான் ரிப்பேர் பண்ணின ஜெனரேட்டர்? கொல்லைப்பக்கப் பிளக்ல ஒயரைச் சொருகினேன், வீடு பூரா கரண்ட்! அவரை இறங்கச் சொல்லுங்க, இனிமே அவர் எதுக்கு?”

வீட்டு மெயினை அணைக்காமல் ஜெனரேட்டர் போட்டால், கரண்ட் வீட்டிலிருந்து கம்பத்துக்கு ஏறும். சோற்றில் கைவைத்துக்கொண்டே இதை அவன் எத்தனையோ நாள் சொல்லிப் புலம்பியிருக்கிறான். அவள்தான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

டிவியில் வண்டி இறங்கியதை மறுபடி போட்டார்கள். எல்லோரும் மறுபடி கைதட்டிக் கூச்சல் போட்டார்கள்.

அவளும் கத்தினாள். சந்தோஷம் தாங்காமல் கத்துகிறாள் என்று நினைத்து, மாடி வீட்டம்மா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.