முதுகுவலிக்கு லீவு கிடையாது

குன்னூர் ஆஸ்பத்திரியில் மரகதம் குப்புறக் கிடக்கிறாள். ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி சொட்டுச் சொட்டாய் வழிகிறது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அவளுடைய முதுகெலும்பின் நடுவே இறக்கிய நீண்ட ஊசியின் பிடியை டாக்டரம்மா பின்னுக்கு இழுக்க, குழலில் கெட்டியாக மஞ்சள் சீழ் ஏறுகிறது. நாற்றம் பரவுகிறது. கூட வந்த எஸ்டேட் கம்பவுண்டர் நல்லசிவம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். விளக்குக்கு முன் மாட்டிய ஸ்கேன் படத்தில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ஜவ்வு வட்டு எலி கடித்த ரொட்டியாய்த் தெரிகிறது. “நீங்க ஊசி போட்ட இடம் பழுத்து, அந்தக் கிருமிதான் இங்க வந்திருக்கு. நாலு மாசமா காய்ச்சல் வேற. ஒரு தடவையாவது தெர்மாமீட்டர் வச்சீங்களா?” என்கிறார் டாக்டரம்மா கம்பவுண்டரிடம். “வைக்கறதில்லீங்க. காய்ச்சல்னு தெரிஞ்சா சம்பளத்தோட லீவு எழுதோணும், மேனேஜர் தொரை கோவிச்சுக்குவாரு. முதுகுவலின்னா ஒரு ஊசியப் போட்டு கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிரலாமுங்க.” பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்கிறார் நல்லசிவம். அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் பளபளக்கிறது. டாக்டரம்மா சீழை ஒரு கிண்ணத்தில் இறக்கி, அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, “புடிங்க” என்கிறார். அவர் ஓரடி பின்வாங்குகிறார். தலையணையில் புதைந்த முகத்தைத் திருப்பாமலே மரகதம் மெதுவாகக் கேட்கிறாள்: “ரொம்ப நாறுதுங்களா சார்? கோவிச்சுக்காதீங்க.”