படகு பரணியின் ரசிகர்கள்

வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டதும் பரணிதரன் கொல்லைப்புறத்துக்கு ஓடிப்போய் எஞ்சினைக் கட்டிக்கொண்டார். பழைய இரும்புக்காரர் ரஃபி அகமது அதற்குள் வந்துவிட்டாரா? சாயங்காலம்தானே வருகிறேன் என்றார்!

அது படகு எஞ்சின். காசிமேட்டில் பழசாக வாங்கி, லாரியில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவந்து, தண்ணீர் டிரம்மின் விளிம்பில் மாட்டி வைத்திருந்தார். கடைசியாக அது எப்போது உறுமியது என்று யாராவது கேட்டால், உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பரணிதரனுக்கு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. யூடியூப்பிலோ அவர் 'படகு பரணி'. படகு எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர். கடலை அவர் பார்த்ததே மெரினாவில்தான், அதுவும் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிய அளவுக்கு.

அது அவருக்கும் தெரியும். "பாலாத்துல லாரி ஓடற ஊர்லேர்ந்து படகப் பத்திப் பேசறேன்" என்று தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொண்டுதான் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்குவார். அப்புறம் கொஞ்சமும் வெட்கப்படாமல் அறிவுரைக்குப் போய்விடுவார்.

மனைவி எழிலரசிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரே ஒரு படகுக்காரன் வந்து, உங்க வீட்டுக்காரரால என் எஞ்சின் நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கல. இல்லன்னா இந்த ஞாயித்துக்கெழம இந்த இரும்பு கெளம்பணும், சேனலையும் மூடணும்" என்று சொல்லிவிட்டாள். பரணிதரனும் கண் கலங்க ஒரு வீடியோ போட்டு, நேயர்களிடம் விடைபெறப் போவதாக அறிவித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

"படகு பரணி அண்ணன் வீடு இதானே?"

எட்டிப் பார்த்தார். வந்தவர்கள் கையில் தராசு இல்லை. பெரிய ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் கறுத்துப்போன மூன்று பேர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு எழிலரசியின் முன்னால் நின்றார்கள்.

"பழவேற்காட்டுலேர்ந்து வர்றோம் அண்ணி. எம் பேரு ஜோனதன். நாங்க படகு ஓட்டறவங்க. அண்ணன் வீடியோ ஒண்ண விடமாட்டோம்."

எழிலரசி நம்பவில்லை. "எங்க வீட்டுக்காரர் வீடியோவையா?"

"ஆமா அண்ணி. சேனலை மூடப்போறேன்னு அண்ணன் சொன்னதும் எங்களுக்கு சோறே எறங்கல. இவரால எங்க எஞ்சின் ஒரு வாட்டிகூட நடுத்தண்ணியில நின்னதில்ல. இவரு பேச்சை நிறுத்திட்டா நாங்க எதை வெச்சு முடிவு பண்றது, சொல்லுங்க!"

பாலாற்றில் வராத தண்ணீர் பரணிதரன் கண்ணில் வந்துவிட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இறாலும் நண்டுமாக நிறைந்திருந்தது.

"அட, நான் இன்னா பெருசா பண்ணிட்டேன்? கால் நனைக்கவே பயப்படற ஆளு" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருத்தரும் மறுக்கவில்லை.

"புது எஞ்சின் ஒண்ணு எடுத்துருக்கோம்ணே" என்றார் ஜோனதன். "அதுக்கு சாதா பெட்ரோலா, பிரீமியமா? ரெண்டும் கேன்ல வாங்கி கரையில ரெடியா வெச்சிருக்கோம். உங்க வாயால கேட்டுட்டுத்தான் ஊத்தணும்னு இருக்கோம்."

பரணிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோலை எடுத்துக்கங்க தம்பி. ஏ கிரேடு தோல்ல ஷூ தெச்சா வருஷக்கணக்கா ஒழைக்கும். பெட்ரோலும் அதே கதைதான். ஒசந்த கிரேடு எதையாவது கெடுக்குமா? கண்ண மூடிக்கினு பிரீமியம்!"

"ஒரே முடிவாத்தான் சொல்றீங்களாண்ணே?"

"ஒரே முடிவு."

ஜோனதன் முகம் மலர்ந்துபோயிற்று. உடனே போனை எடுத்தார். "டேய், அண்ணன் பிரீமியம்னு சொல்லிட்டாரு. அந்தக் கேனைத் தனியா எடுத்து ஓரமா வையி. ஒருத்தனும் அதைத் தொடக்கூடாது, தெரியுதா?"

பரணிதரனுக்கு மெய் சிலிர்த்தது. கோயில் பிரசாதத்துக்குக் கொடுக்கிற மரியாதை அல்லவா இது!

எழிலரசியும் தன் போனை எடுத்தாள். "பாய், நீங்க வர வேணாம். இரும்பா? அது இரும்பு இல்ல பாய், எங்க வீட்டு சாமி" என்று வைத்துவிட்டு, "காப்பி போடட்டுங்களா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். அவள் 'ங்க' போட்டுக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! பரணிதரன் பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டார்.

காப்பியை நீட்டியபோது எழிலரசிக்கு ஆசை அடங்கவில்லை. "இத்தினி நாளா நான் இவரு பேசறத காதுலயே வாங்கல தம்பி. இவரு சொன்னதுல எது உங்களுக்கு ஜாஸ்தி உபயோகமாச்சு? நானும் தெரிஞ்சுக்கறேன்."

பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டார். புகழ்ச்சியை நேருக்கு நேர் வாங்கிக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

ஜோனதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளன்போடு இரண்டு கையையும் கூப்பினார்.

"எல்லாமேதான் அண்ணி. அண்ணன் எதை ஊத்தச் சொல்றாரோ, அதை மட்டும் நாங்க ஊத்தவே மாட்டோம்!"