பந்திக்கு மட்டும் அழைப்பு

"ஏனம்மணி, உன்னையப் பந்திக்குத்தானே அழைச்சிருக்குது? முகூர்த்தத்துக்கே வந்து நிக்கறே!"

பவானியில் தம்பி மகன் கல்யாணம். கையில் தாலித் தட்டோடு நின்ற தெய்வாத்தாள், கணவனை இழந்த தங்கை ராசாத்தாளைப் பந்தல் வாசலிலேயே மறித்தாள்.

"தாலி கட்டி முடியட்டும். அதுவரைக்கும் வெளியவே இரு கண்ணு."

"சரிங்க்கா. மச்சான் வரலீங்களா?"

"லேசாக் காய்ச்சல். கொடுமுடியிலேயே படுத்திருக்கறார். சுமங்கலி நீதான் முன்ன நின்னு நடத்தோணும்னு தொரத்திவுட்டார்."

கிராமபோனை நிறுத்தி மேளம் கொட்டினார்கள். தெய்வாத்தாள் வாசலை எட்டிப் பார்த்தாள். உள்ளே வர முயன்ற, தலைத்துண்டில் முகம் மறைந்த யாரோ ஓர் ஆளோடு ராசாத்தாள் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"வெளிய நிறுத்தினாலும் சும்மா நிக்கறாளா பாரு!" என்று முணுமுணுத்துக்கொண்டே தாலித் தட்டை நீட்டினாள்.

தாலி ஏறியது. பந்தியில் ராசாத்தாள் அக்காளின் எதிரே வந்து நின்றாள்.

"வயிறு நெறையச் சாப்புடுங்க்கா."

"நீ சாப்புடலையா? இதுக்குத்தானே உன்னைய அழைச்சது?"

"எனக்கு எறங்காதுங்க்கா."

கை கழுவியதும் அக்காளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். அந்த ஆள் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். தெய்வாத்தாளின் கொடுமுடித் தோட்டத்து ஆள் ஆறுச்சாமி.

"மச்சான் கோழி கூப்புடற நேரத்துக்கே போயிட்டாருங்க்கா" என்றாள் ராசாத்தாள். "தாலி கட்டி முடியட்டும், அதுவரைக்கும் வெளியவே இருன்னு நாந்தான் இவனை நிறுத்திப்போட்டனுங்க."