வேலியில் விழுந்த அடி

"பொமி அப்பா! பக்கத்து வீட்டு ஆளு நம்ம கேட்டைத் திறந்துக்கிட்டு வர்றான். கையில சுத்தியல் வேற!"

யோன்ஹி ஜன்னல் திரையைச் சட்டென்று இழுத்துவிட்டாள். போதகர் தோக்சூ மடித்துக்கொண்டிருந்த கம்பளியைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு எழுந்தார். ஊழியத்தைத் தொடர்கிறோமா, கொரியாவுக்கே திரும்பிவிடுகிறோமா என்று மதியத்துக்குள் தாய்ச்சபைக்குப் போன் பண்ணிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

"நாலு நாளா நாம வாயே திறக்கலையே, பொமி அம்மா. இன்னும் என்னவாம் அந்த மனுஷனுக்கு?"

"கிளம்புற நேரத்துல மண்டையைப் பிளந்து வழியனுப்ப வர்றானோ என்னவோ!"

மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் இந்த மலைச்சரிவுக்கு அவர்கள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வருவதெல்லாம் சூடான ரொட்டிக்காக வரும் நாலைந்து பிள்ளைகள்தான். ரொட்டி தீர்ந்தால் ஆமெனுக்குக்கூட நிற்க மாட்டார்கள். அடுப்புக் கரியையும் பல்லைக் கிட்டவைக்கும் குளிரையும் போல, அதையும் யோன்ஹி பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாத ஒரே ஆள் இந்தக் கோம்போதான்.

விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மண்டியிட்டு, தங்கள் ஊர் வழக்கப்படி "ஆண்டவரே!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டு, கொரிய மொழியில் வாய்விட்டு அழுது ஜெபம் பண்ணுவார்கள். அது முடிய வேண்டியதுதான், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பலகையில் 'டொம்' என்று ஓர் அடி விழும். மழையோ பனியோ, அந்த அடி மட்டும் தவறியதே இல்லை.

நேரில் பார்த்தால் மனிதருக்குச் சிரிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது. "நாங்க கொரியாவுல இருந்து வந்திருக்கோம் அண்ணே" என்று முதல் நாள் தட்டுத்தடுமாறி மங்கோலிய மொழியில் தோக்சூ சொன்னபோதே, இரண்டு விரல் இல்லாத கையைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டு விலகிப் போனவர்.

நாலு நாளைக்கு முன்பு குழந்தை பொமிக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அன்று விடியலில் இருவரும் தெருவே கேட்கும்படி கதறினார்கள். வேலியில் அன்று ஒன்றல்ல, ஐந்தாறு அடி விழுந்தது. பலகை பிளந்துவிடும் போலிருந்தது.

யோன்ஹி பொங்கிவிட்டாள். "குழந்தை துவண்டு கிடக்குது, அதுக்கும் அடிக்கிறான் பாருங்க! இவன் மருமக பிரசவத்துக்குப் போய்ப் பொழைப்பாளோ மாட்டாளோன்னு கிடந்தப்ப, அவளுக்காக நெஞ்சிலடிச்சு அழுதோமே. அன்னிக்கும் அடிச்சவன்தானே? நம்ம குரலே பிடிக்காத ஊர்ல நமக்கு என்ன ஊழியம்? கிளம்புங்க!"

அன்றிலிருந்து ஜெபம் வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. காய்ச்சல் மறுநாளே இறங்கியது. இங்கேயே இருப்போம் என்ற போதகரின் பிடிவாதமும் அதோடு இறங்கிவிட்டது.

கதவு தட்டப்பட்டது.

"வாங்க, வாங்க கோம்போ அண்ணே" என்று தோக்சூ குழைந்தார். கண் மட்டும் சுத்தியல் மேலேயே இருந்தது.

கோம்போ உள்ளே வந்தார். இன்னொரு கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். மீசையெல்லாம் பனி. மங்கோலிய மொழியில், "நாலு நாளா உங்க சத்தத்தையே காணோம்" என்றார்.

புருஷனை முந்திக்கொண்டு யோன்ஹியே அதே மொழியில் பதில் சொன்னாள். "குறைச்சுட்டோம் அண்ணே. இனிமே அந்தத் தொந்தரவும் உங்களுக்கு இருக்காது. ஊருக்கே போறோம்."

கோம்போவின் பார்வை பெட்டிகளின் மேல் போயிற்று. பிறகு, மூடியிருந்த உள்ளறைக் கதவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்துப் போனது. மெதுவாக வாயைத் திறந்தார். வந்தது அட்சர சுத்தமான கொரிய மொழி.

"அப்போ குழந்தைக்கு... காய்ச்சல் இறங்கவே இல்லையாம்மா?"

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு பொமி ஓடி வந்தாள். கோம்போ அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். தூக்குப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆட்டெலும்பு சூப்பு. குடி, தாயி."

"அண்ணே, எங்க பாஷை உங்களுக்கு எப்படி?" என்றார் தோக்சூ.

"ஒம்பது வருஷம் உங்க ஊர்ல ஒரு இரும்புப் பட்டறையில கிடந்தேன் பாஸ்டர். ரெண்டு விரலையும் அங்கதான் விட்டுட்டு வந்தேன். உங்க பாஷையில எனக்குக் கிடைச்சதெல்லாம் ஏச்சுதான். திரும்பி வந்த பிறகு அதைக் காதால கேக்கவே கூடாதுன்னு இருந்தேன். அதே பாஷையில ஒருத்தர் என் பேரைச் சொல்லி, என் மருமகளைச் சொல்லி அழுதா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க! தினம் வேலியோரம் வந்து நின்னு கேட்டேன். இப்ப திடீர்னு முணுமுணுன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? சரின்னா சொல்லுங்க, வேலியில ரெண்டு பலகையைக் கழட்டிடறேன்" என்று சுத்தியலைத் தூக்கிக் காட்டினார்.

தோக்சூ நிறைந்திருந்த இன்னொரு பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினார். யோன்ஹிக்குத் தலை நிமிர்த்தவே வெட்கமாக இருந்தது.

"அப்புறம் எதுக்குண்ணே தினமும் வேலியை அடிச்சீங்க?"

கோம்போ மீசைக்குள்ளேயே கூச்சத்தோடு சிரித்தார்.

"எனக்கு ஜெபமெல்லாம் பழக்கமில்லம்மா. நீங்க முடிக்கிறப்போ 'ஆமென்'னு நானும் சொல்லணும்னு தோணும், வாய்தான் வராது. அதான் பலகையில ஒரு தட்டு."