நானூற்றுப் பன்னிரண்டு

“என் பொண்ணுக்கு ஒரு பட்டத்தைக் கட்டாம நீ ஓயமாட்டே, இல்ல? நாளைக்கு அவளை யாரு மதிப்பா?”

சோதனைக்குத் தேதி கிடைத்த அன்று கணவன் போட்ட சத்தம் அது. அவள் தேதிச் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

பத்து மாதம் காத்திருந்து வாங்கிய தேதி. ஏழு வயது மகள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். வகுப்பில் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிடுவாள். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் துணைக்கு ஒரு ஆசிரியை போட முடியும், இல்லாவிட்டால் வேறு பள்ளி பாருங்கள் என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள்.

கணவனுக்கு வீட்டுச் சாமான் கடையில் விற்பனை வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேச்சுப் பழக்குவதும் அவன்தான். ‘கண்ணைப் பார்த்துப் பேசினா பாதி வியாபாரம் முடிஞ்சுது’ என்பான். அங்கே வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தால் மகளோடு நாலு வார்த்தை பேச நேரமிருக்காது.

அப்பேர்ப்பட்டவன் மறுநாளே மாறிப்போனான். தினமும் சாயங்காலம் மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான்.

“மேல என்னங்க பண்றீங்க ரெண்டு பேரும்?”

“அது எங்க விளையாட்டு. உனக்கெதுக்கு?”

இப்போதாவது அப்பனுக்கு மகள்மேல் பாசம் பொங்கியதே என்று அவள் பூரித்துப்போனாள்.

சோதனை நாளும் வந்தது. டாக்டரம்மாவுக்கு எதிரே மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வைத்த கண் வாங்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்தாள். பெற்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பது நிமிடம் கழித்து டாக்டர் ஃபைலை மூடினார்.

“கண்ணைப் பார்த்து அழகா பேசுறாளே! எனக்கு ஒண்ணும் தப்பா தெரியலைம்மா.”

“வீட்டுல இப்படி இல்ல டாக்டர்...”

“முதல் குழந்தைன்னா பயம் இருக்கத்தான் செய்யும்.”

“நான் அப்பவே சொன்னேன் டாக்டர், இவதான் கேக்கல” என்று சிரித்தான் கணவன்.

அவள் கூனிக் குறுகிப்போனாள். பெற்ற பிள்ளைக்கு இல்லாத குறையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, நாமெல்லாம் ஒரு தாயா என்று அழுகை முட்டியது.

மகள் மெல்ல நாற்காலியிலிருந்து சரிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா, நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பார்த்துக்கிட்டே எண்ணினேன். டாக்டர் நானூத்திப் பன்னெண்டு தடவை கண் சிமிட்டினாங்க. நான் ஜெயிச்சுட்டேன்ல? இனிமே யாரையும் பார்க்க வேணாம்ல? தலை ரொம்ப வலிக்குதுப்பா.”