கயிற்றுத் தடம்

பொலோனா நகரத்து மருத்துவ ஆசிரியர் அசோலினோவின் வீட்டில், பனிக்காலக் காலை வெளிச்சம் மேசைமேல் கிடக்கும் பிணத்தின் வெளுத்த பாதங்களில் விழுகிறது. விரலிடுக்கில் ஈரமண். தலையையும் மார்பையும் துணி மூடியிருக்கிறது. மாணவர்கள் மூக்கைப் பொத்தியபடி சுற்றி நிற்கிறார்கள். நேற்றுத் தம்பியைப் புதைத்த ஜிஸ்லா கதவை மறித்து நிற்கிறாள். இன்று விடிந்ததும் அவள் போய்ப் பார்த்தபோது குழி வெறுமையாக இருந்தது. "இது தூக்குல போட்ட திருடன்மா. அறுத்துப் பாக்கச் சொல்லி நகரசபையே குடுத்துச்சு," என்கிறார் அசோலினோ. "அப்படியா ஐயா? முகத்தக்கூடக் காட்ட வேணாம். கழுத்துல கயிறு இறுக்குன தடத்த மட்டும் காட்டுங்க, போயிடறேன்." அறுக்க வந்த நாவிதர் கத்தியைக் கீழே வைக்கிறார். மாணவர்கள் எல்லோரும் ஆசிரியரையே பார்க்கிறார்கள். அசோலினோவின் கை துணியின் ஓரத்துக்குப் போகிறது. விலக்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.