சுத்தியல் சொன்னது

"காரை எடைக்குப் போட்டுடுங்க. இதுக்கு வைத்தியம் கிடையாது," என்றார் சுத்தியல் மாஸ்டர்.

"ஒரே தட்டுல எப்படிச் சொல்றீங்க?" என்றாள் நர்ஸ்.

பட்டறையில் இருந்தவர்கள் ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரை எதிர்த்து அங்கே யாரும் பேசியதில்லை. பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேலே நிற்கும் காரின் அடியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தத்தை வைத்தே இரும்பின் ஆயுளைச் சொல்லிவிடுவார். பழைய கார் வாங்குகிறவர்களும் சரி, விற்கிறவர்களும் சரி, அவர் கையெழுத்தைத்தான் நம்பினார்கள். அதற்கென்றே அச்சடித்த சான்றிதழ்க் கட்டு ஒன்று மேஜையில் கிடக்கும். வேலை தொடங்கிவிட்டால் கையெல்லாம் கிரீஸ் என்று, காலையிலேயே இருபது முப்பது தாளில் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவார். அப்புறம் கேட்டவர்களுக்குக் கிழித்துக் கொடுப்பதுதான் பாக்கி.

நர்ஸ் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. ஓட்டுவதற்கு ஒரு கார் இல்லையென்றால் பாதி வீட்டுக்குப் போக முடியாது. போகாத வீட்டில் புண் சீழ் வைக்கும். அதனால் அவள் நின்ற இடத்தைவிட்டு அசைவதாக இல்லை.

"நம்பலைன்னா இறங்கி வந்து பாருங்க," என்றார் மாஸ்டர், வெள்ளைச் சீருடைக்காரி எங்கே பள்ளத்தில் இறங்கப்போகிறாள் என்ற தைரியத்தில். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஏணியில் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

மாஸ்டர் முதலில், காருக்குள் கால் வைக்கும் தரைத்தகட்டைக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை விழுந்தது. இதற்கு ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா என்று அவள் கேட்டாள். இது மட்டும் என்றால் சாயங்காலமே முடித்துக் கொடுத்துவிடுவேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டியையே தாங்கி நிற்கும் சேசிஸில் தட்டினார். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டது. அங்கே குத்திய ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போயிற்று. செந்நிறத் தூள் அவள் தலைமுடியில் கொட்டியது.

"இங்கயும் ஒரு தகடு வச்சுடுங்க," என்றாள் அவள், தூளைத் தட்டிவிட்டபடி.

"கிழிசலுக்கு ஒட்டுப் போடணும்னா சுத்தியும் நல்ல துணி இருக்கணும்மா. இங்க ஒரு சாண் தூரத்துக்கு நல்ல இரும்பே இல்ல. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? கறுப்புப் பெயின்ட்டை அடிச்சு மூடி வச்சிருக்காங்க. என்னைக்காவது நீங்க பிரேக் போடும்போது சக்கரம் தனியாப் போயிடும்."

நர்ஸ் விடாக்கண்டியாக இருந்தாள். போன மாதம் பெய்த மழையில் பிடித்த துருவாக இருக்கலாம் என்றாள்.

"துரு என்ன காளானா, ஒரு மழைக்கு முளைக்க? இது அஞ்சு வருஷத்துத் துரு."

இந்த வண்டியில் துருவே இல்லை என்று நல்ல விவரம் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று அவள் சாதித்தாள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருட அனுபவத்தை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

"விவரம் தெரிஞ்சவனா? அவனுக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு? ஒரு தடவை கீழ குனிஞ்சு பார்த்திருந்தா இப்படிச் சொல்லுவானா? அவனைக் கூட்டிட்டு வந்து இந்தப் பள்ளத்துல நிறுத்தணும். அண்ணாந்து பாருடான்னு சொல்லணும்."

"அவ்வளவு உறுதியாச் சொல்றீங்கன்னா எழுதிக் கொடுங்க. வாயால சொன்னா நம்பாத ஆள் ஒருத்தர் இருக்கார்."

வீட்டுக்காரராக்கும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

நர்ஸ் மேலே ஏறிப்போய்ச் சான்றிதழ்க் கட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளி, கையெழுத்து இல்லாத தாளாகப் பார்த்துப் பள்ளத்துக்குள் நீட்டினாள்.

"இதுல போடுங்க. அங்கயே நின்னு, பார்த்துப் பார்த்து எழுதுங்க."

பலே கெட்டிக்காரி என்று சிரித்துக்கொண்டே மாஸ்டர் சுவரில் வைத்து எழுதினார். வண்டி எண், சேசிஸ் முழுக்கத் துரு, வயது ஐந்து வருடத்துக்குக் குறையாது, பழுதுபார்க்க முடியாது, ஓட்டினால் ஆபத்து. அவள் கேட்டுக்கொண்டதற்காக 'நேரில் பார்த்து எழுதியது' என்றும் சேர்த்தார். கீழே கையெழுத்து, அதன் அடியில் ஒரு கோடு, கோட்டின் கீழ் வழக்கமான இரண்டு புள்ளி. ஓரத்தில் கிரீஸ் பிசுக்கோடு பெருவிரல் பதிந்தது.

நர்ஸ் அதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பத்திரமாக மடித்தாள். பிறகு பள்ளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவருக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தாள்.

அதே அச்சடித்த தாள். அதே வண்டி எண். தேதி மட்டும் மூன்று வாரத்துக்கு முந்தையது. 'அடிப்பாகத்தில் துரு இல்லை' என்று வேறு யாரோ எழுதியிருந்தார்கள். கீழே மாஸ்டரின் கையெழுத்து, அந்தக் கோடு, அந்த இரண்டு புள்ளி. கிரீஸ் கறை மட்டும் எங்கும் இல்லை.

"இதை நம்பித்தான் வாங்கினேன். வித்தவரும் இதைக் காட்டித்தான் திரும்ப எடுத்துக்க மாட்டேங்கறார். மாஸ்டரே மாத்தி எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவாராம்."

மாஸ்டர் அண்ணாந்து அந்தத் தாளைப் பார்த்தார்.

"விவரம் தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வந்து இந்தப் பள்ளத்துல நிறுத்தணும்னு சொன்னீங்களே, மாஸ்டர்," என்றாள் நர்ஸ். "நிறுத்தியாச்சு."